உரமும் மலரும்

பழனிக்கு அருகே பாலசமுத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் அமைந்த திண்டுக்கல் மாவட்டத்தில் மல்லிகை மிகுதியாகப் பயிராகின்றது. நிலக்கோட்டை மலர்ச்சந்தை புகழ் பெற்றது.

உரம் கூடினால் மலரும் கூடும் எனப் பலர் எண்ணுவர். அஃது ஓரளவே உண்மை. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேரூன்றவும் பூக்கவும் துணைபுரியும். சாம்பல்சத்து செடிக்கு உறுதி அளிக்கும். தழைச்சத்து அளவு கடந்தால், செடி தழைத்து நிற்குமேயன்றி அரும்புகள் குறையும். மண்ணில் உப்பு மிகும். வேர் நீரை உறிஞ்ச இயலாமல் இலையின் ஓரம் கருகும். எஞ்சிய உரம் மண்ணுள் இறங்கிக் கிணற்று நீரையும் கெடுக்கும்.

ஆதலின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அளவு வகுத்துள்ளது. குண்டுமல்லிகைச் செடி ஒன்றுக்கு ஆண்டுதோறும் தொழுவுரம் 10 கிலோகிராம், தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் 120 கிராம் வீதம் வேண்டும். தழைச்சத்து மற்றவற்றில் பாதியே என்பதை நோக்குக. 60 கிராம் தழைச்சத்து ஏறத்தாழ 130 கிராம் யூரியாவில் அடங்கும். இச்சத்துகளை நவம்பரில் கவாத்துச் செய்தபின் பாதியும், ஜூன் அல்லது ஜூலையில் பாதியும் இடுதல் வேண்டும்.

உரம் வாங்கச் செலவிடும் பணம் உழவரின் உழைப்பன்றோ? அளவறிந்து இட்டால் அது மலராகும். மிகையாக இட்டால் வெறும் இலையாகும்.