போர்க்கப்பலின் பெயர்

டில்லியில் வைசிராய் ரீடிங் பிரபுவின் பெயரால் வழங்கிய சாலை, பின்னர் மந்திர் மார்க் ஆயிற்று. சாலையின் பெயரை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். போர்க்கப்பலின் பெயர் அத்தனை எளிதாக மாறுவதில்லை. மைசூர் நகரம் 2014இல் மைசூரு ஆன பின்னரும், 1999இல் கடற்படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பல் 'மைசூர்' என்றே வழங்கி வருகிறது. எனவே, பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே நிதானம் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் நாசகாரிக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் தனிமனிதர் பெயர்களே இடப்படுகின்றன. 2021 டிசம்பர் 8 அன்று பேர்ல் துறைமுகத்தில் பணியில் சேர்க்கப்பட்ட 'டேனியல் இனோவே' அவற்றுள் ஒன்று. ஹவாயில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த இனோவே, 1941இல் அதே துறைமுகம் ஜப்பானியரால் தாக்கப்பட்டபோது பதினேழு வயது இளைஞர். அந்நாளில் ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்காவில் ஐயத்துக்கு உள்ளாயினர்; ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1943இல் அவர்களுக்குப் படையில் சேர வழி திறந்ததும் இனோவே சேர்ந்தார். 1945 ஏப்ரலில் இத்தாலியப் போர்முனையில் வலக்கையை இழந்தார். அறுவை மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுச் சட்டம் பயின்று அரசியலில் புகுந்தார். 1963 முதல் 2012இல் மறையும் வரை செனட் சபை உறுப்பினராக இருந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருது அவருக்கு 2000ஆம் ஆண்டில்தான் கிட்டியது. ஒரு காலத்தில் ஐயுற்ற குடிமகனின் பெயரையே அரசு தன் போர்க்கப்பலுக்குச் சூட்டியிருக்கிறது என்பது கருதத்தக்கது.

இந்தியாவின் வழி வேறு. அண்மைக்கால நாசகாரிக் கப்பல்கள் நகரங்களின் பெயர்களையே தாங்குகின்றன. 1948இல் வந்த 'டில்லி' 1978இல் ஓய்வுபெற்றது. 1997இல் புதிய நாசகாரிக் கப்பல் அப்பெயரை ஏற்றது. மும்பையில் கட்டப்பட்ட, 164 மீட்டர் நீளமுள்ள 'சென்னை' 2016 நவம்பரில் பணியில் சேர்ந்தது. நகரத்துக்குக் கட்சி கிடையாது. அதன் பெயரைத் தாங்கும் கப்பலை எந்த ஆட்சியும் தனதென்று கொண்டாட இயலாது. இது சிறிய நன்மையன்று.

ஆனால் வீரர்களின் பெயர்கள் எங்கே செல்கின்றன? பரம்வீர் சக்கர விருதாளர் பெயர்களை இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு இட்டது. 1980களில் வந்த அக்கப்பல்கள் காலம் முடிந்து விலகின. பின்னர் 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரற்றிருந்த 21 தீவுகளுக்கு அவ்விருதாளர் பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் மிகப்பெரிய தீவு, விருதை முதலில் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவின் பெயரைப் பெற்றது.