பழைய புதுப்பிப்பு வட்டுகளை எறிவதற்கு முன்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் ஜவ்வரிசி ஆலைகளிலும் நாமக்கல் லாரி அலுவலகங்களிலும் கணினி மாற்றும் வேலை நடந்துவருகிறது. கணக்கு மென்பொருளின் பிழைகளைத் திருத்தப் பின்னாளில் வந்த புதுப்பிப்பு சீடிகளும் அப்போது பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அவை இல்லாமல் பழைய கணக்கு திறக்காது என்பது, பெரும்பாலும் வரித்துறை நோட்டீஸ் வந்த பிறகே தெரியவருகிறது.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்கச் சொல்வதால், 2023-24ஆம் ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருந்தாக வேண்டும்; மேல்முறையீடு நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரையோ 72 மாதங்கள் வரையோ, எது பிந்தியதோ அதுவரை. அதிகாரி கேட்டால் அச்சிலோ படிக்கத்தக்க மின்வடிவிலோ கணக்கைத் தரவும், தேவைப்படும் இடத்தில் கோப்பின் கடவுச்சொல்லையும் குறியீடுகளின் விளக்கத்தையும் தரவும் 57ஆம் விதி கட்டளையிடுகிறது. மென்பொருள் திறக்கவில்லை என்பது அங்கே பதிலாகாது.

ஆகவே, பழைய கணினி இயங்கும்போதே ஒவ்வோர் ஆண்டின் நாளேடு, பேரேடு, சரக்கிருப்பு ஆகியவற்றை பிடிஎஃப் அல்லது எக்செல் கோப்பாக எடுத்து, வேறொரு கணினியில் திறந்து சரிபார்க்க வேண்டும். எல்லாம் திறந்தால் வட்டு தேவையில்லை. திறக்காவிட்டால், புதுப்பிப்பு வட்டு தனியே பயன்படாது என்பதால், முதல் நிறுவல் வட்டு, உரிம எண், டாங்கிள் எனப்படும் பூட்டுக் கருவி ஆகியவற்றை அதனுடன் ஒரே உறையில் வைத்து, வட்டின் முழுப் படியொன்றை ஹார்டு டிஸ்கிலும் எடுத்துவைக்க வேண்டும். எழுதிய சீடி தகரக் கூரையின் வெக்கையில் நீடிக்காது. உள்ளூர் நிரலர் எழுதிக்கொடுத்த எடைமேடை, வாடகைக் கணக்கு நிரல்களுக்கு இந்தக் காப்பு ஏற்பாடு இருமடங்கு பொருந்தும், ஏனெனில் அவற்றுக்கு வேறு மூலமே இருப்பதில்லை.

புதுப்பிப்புகள் இணையத்தில் எப்போதும் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டாம்: எஸ்எச்ஏ-1 என்னும் பழைய கையொப்ப முறையில் அமைந்த கோப்புகளை மைக்ரோசாஃப்டே தன் பதிவிறக்க மையத்திலிருந்து 2020 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. அறியாத தளங்களில் அவற்றைத் தேடுவது வைரஸை விலைகொடுத்து வாங்குவதாகும். பழைய கணக்கைத் திறக்க வைத்திருக்கும் கணினியை இணையத்தில் இணைக்கவே கூடாது.

எறியத் தீர்மானித்த வட்டுகளை, உரிம எண்ணும் வாடிக்கையாளர் விவரமும் பிறர் கைக்குப் போகாதபடி உடைத்த பிறகே கொடுக்க வேண்டும். கணக்கைத் திறந்து பார்க்காமல் மட்டும் எந்த வட்டையும் உடைக்க வேண்டாம்.