மடக்கு சைக்கிளுக்கு ஒரு மோட்டார்

ஆடி மாதத்து மாலை நேரம். நீங்கள் பழைய சீவரம் ரயில் நிலையத்தில் இறங்கி, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்திலுள்ள சாலவாக்கத்துக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, திருமுக்கூடல் வழியாக வரவேண்டும். எதிரே காற்று முகத்தில் அறைகிறது. பக்கத்தில் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு லாரிகள் புழுதி கிளப்பிச் செல்கின்றன. காலையில் இதே சாலையில் பாடிக்கொண்டே போனீர்கள். இப்போது பேசக்கூட மூச்சு இல்லை. சாலையும் அதேதான், சைக்கிளும் அதேதான். பின் ஏன் இவ்வளவு வேறுபாடு?

ஒரு சிறு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். நீங்கள், உங்கள் புத்தகப்பை, சைக்கிள் எல்லாம் சேர்ந்து 75 கிலோகிராம் என்க. சமதளச் சாலையில் டயர் உருளுவதற்கு எதிரான தடை ஏறத்தாழ 6 நியூட்டன். காற்றே வீசாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றைக் கிழித்துச் செல்ல மேலும் 6 நியூட்டன் வேண்டும். ஆக மொத்தம் 12 நியூட்டன். மணிக்கு 15 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 4.2 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்: 50 வாட். உடல்நலமுள்ள ஒரு மாணவர் சிரமமின்றித் தரக்கூடிய திறன்தான் இது.

இப்போது அதே 15 கி.மீ. வேகத்தில் காற்று எதிரே வீசட்டும். உங்கள் முகத்தைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 30 கி.மீ. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. எனவே 6 நியூட்டன் ஏறத்தாழ 25 ஆகிறது. டயர்த் தடையையும் சேர்த்தால் 31 நியூட்டன்; திறன் 130 வாட்! காலையில் இதே காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தபோது காற்றுத் தடையே இல்லை. 25 வாட் போதுமானதாக இருந்தது. அதாவது காலையில் செய்ததைப்போல் ஐந்து மடங்கு வேலையை, ஒவ்வொரு நொடியும், நாளெல்லாம் களைத்த கால்களால் மாலையில் செய்கிறீர்கள். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

விடுபடும் அந்த 80 வாட்டை ஒரு மின்மோட்டார் தந்தால் எப்படி இருக்கும்? அதுவும் உங்கள் சைக்கிள் ரயிலிலும் பஸ்ஸிலும் கூடவே வரக்கூடிய மடக்கு சைக்கிளாக இருந்தால்?

சைக்கிளில் மோட்டார் பொருத்தும் எண்ணம் புதிதன்று. அமெரிக்கரான ஆக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பர் 31 அன்றே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்தார். மின்கலத்தைச் சட்டத்தில் தொங்கவிட்டார். இன்றைய மின்சைக்கிள்கள் பலவற்றின் அமைப்பும் இதுதான். ஆனால் அவருடைய மின்கலம் 10 வோல்ட்; மோட்டார் இழுத்த மின்னோட்டமோ 100 ஆம்பியர் வரை. இன்று நாம் 36 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுத்து 250 வாட் பெறுகிறோம். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்று ஜூல் விதியில் படித்திருப்பீர்கள். ஒரே கம்பியில் 7 ஆம்பியருக்குப் பதில் 100 ஆம்பியர் சென்றால் வெப்பம் சுமார் 200 மடங்கு! போல்டனின் சைக்கிள் தெருவுக்கு வராமல் போனதில் வியப்பென்ன?

மடக்கு சைக்கிளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டுடன் குதிக்கும் வீரர்களுக்காக பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் நடுவில் கீல் வைத்த சைக்கிள்களைச் செய்தது. கையால் திருகும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தினால் சைக்கிள் இரண்டாக மடியும். நம் ஊர் சைக்கிள்களில் பி.எஸ்.ஏ. என்ற பெயரைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பெயரின் பிறப்பிடம் இந்த நிறுவனம்தான். நம் நாட்டில் அப்பெயரில் சைக்கிள் செய்தது, 1949இல் தொடங்கப்பெற்ற சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்.

நம் நாட்டில் சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. குர்சௌரப் சிங் என்பவர் எந்தச் சைக்கிளின் சட்டத்தையும் வெட்டாமல், ஒட்டவைக்காமல், பெடலுக்கு அருகே போல்ட் போட்டு முடுக்கக்கூடிய ஒரு மோட்டாரை உருவாக்கினார். 2022 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டியதும் நாடெங்கும் பேச்சாயிற்று. ஆனால் அது வழக்கமான முக்கோணச் சட்டத்துக்கு ஏற்றது. மடக்கு சைக்கிளில் முக்கோணம் ஏது? நடுவில் ஒரே குழாய். அதிலும் பாதியில் கீல். எனவே இதற்குக் குடத்துள் அமையும் மோட்டார்தான் பொருத்தம். இங்கிலாந்தின் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் நிறுவனம் 2017இல் அறிவித்த மின்சைக்கிளிலும் மோட்டார் முன் சக்கரத்தின் குடத்தில்தான் இருக்கிறது. அதில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. 300 வாட்-மணி மின்கலத்தைச் சட்டத்தில் பூட்டாமல், ஹேண்டிலுக்கு முன்னே மாட்டும் பைக்குள் வைத்துவிட்டார்கள். சைக்கிளை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிக்கொள்ளலாம். சுமை குறையவில்லைதான், ஆனால் இரண்டாகப் பிரிந்த சுமையைத் தூக்குவது எளிது. கிணற்றடியில் இரண்டு குடங்களை ஒவ்வொரு கையிலும் தூக்குபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குடத்துக்குள் என்ன இருக்கிறது? அச்சு சுழலாது, அது ஃபோர்க்கில் இறுகியிருக்கும். அதன்மேல் செம்புக் கம்பிச் சுருள்கள். அவற்றைச் சுற்றி வலுவான நிலைக்காந்தங்கள் பதித்த வளையம். சுருள்களில் முறைவைத்து மின்னோட்டம் செலுத்தினால் காந்தப்புலம் சுழலும். காந்த வளையம் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். மின்விசிறியில் நீங்கள் காண்பதும் ஏறத்தாழ இப்படித்தான்: நடுத்தண்டு நிற்க, வெளிக்கூடு சுழல்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்று முடிவு செய்வது கட்டுப்படுத்தி என்னும் சிறு பெட்டி. உள்ளே பற்சக்கரங்கள் கொண்ட 250 வாட் மோட்டார் சுமார் இரண்டரை கிலோ எடை இருக்கும்.

சிறிய சக்கரம் மோட்டாருக்கு நண்பனா, பகைவனா? இரண்டுந்தான். மோட்டார் தரும் திருப்புவிசையைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை கிடைக்கும். 26 அங்குலச் சக்கரத்தைவிட 20 அங்குலச் சக்கரத்தில் அதே மோட்டார் 1.3 மடங்கு விசையுடன் தள்ளும். பாலத்தின் ஏற்றத்தில் இது வரப்பிரசாதம். ஆனால் 26 அங்குலச் சக்கரத்துக்கென நிமிடத்துக்கு 200 சுற்று சுழலும்படி செய்த மோட்டாரை வாங்கிப் போட்டால், 20 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் போகாது. சக்கரத்தின் சுற்றளவை அளந்து நீங்களே சரிபார்க்கலாம். இன்னொன்றையும் வாங்குமுன் அளக்க வேண்டும். சாதாரணச் சைக்கிள்கள் பலவற்றில் முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர். மடக்கு சைக்கிள்கள் பலவற்றிலோ 74 மில்லிமீட்டர்தான். பணம் கட்டி வரவழைத்த மோட்டார் உள்ளே நுழையாமல் போவது இதனால்தான். அதற்காக ஃபோர்க்கை நெம்பி விரிக்கக் கூடாது!

அடுத்து வருவதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. நியூட்டனின் மூன்றாம் விதியை மறந்துவிடாதீர்கள். சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும் மோட்டார், தன் அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டு, ஃபோர்க்கின் பிளவில் உட்கார்ந்திருக்கும். தட்டைகளுக்கிடையே உள்ள தூரம் 10 மில்லிமீட்டர், அதாவது 0.01 மீட்டர். திருப்புவிசை 30 நியூட்டன்-மீட்டர் என்றால், பிளவின் விளிம்புகளில் செயற்படும் விசை 30-ஐ 0.01-ஆல் வகுக்கக் கிடைப்பது: 3000 நியூட்டன். முந்நூறு கிலோ எடையை ஒரு சிறு உலோக விளிம்பின்மேல் வைத்ததற்குச் சமம். ஃபோர்க் அலுமினியமானால் விளிம்பு விரிசல் விட்டு, ஒருநாள் அச்சு பிளவிலிருந்து வெளியே துள்ளிவிடும். முன் சக்கரம் கழன்ற சைக்கிள், பின்னால் ஜல்லி லாரி. நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று மிக எளியது. அச்சின் தட்டையில் பொருந்தும் ஓர் எஃகுப் பட்டையை மாட்டி, அதன் மறுமுனையை 10 சென்டிமீட்டர் தள்ளி ஃபோர்க்கின் காலோடு இறுகக் கட்டிவிட வேண்டும். நெம்புகோலின் நீளம் பத்து மடங்கானதால் விசை பத்தில் ஒன்றாகிறது: 300 நியூட்டன்தான். இந்தப் பட்டை இல்லாமல் ஓட்டிக் காட்டும் எவரையும் பார்த்து மயங்காதீர்கள். அலுமினிய ஃபோர்க்கானால் முன் சக்கரத்தில் மோட்டாரே வேண்டாம் என்பது என் கருத்து.

மின்கலத்துக்கு வருவோம். "எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். மடக்கு சைக்கிளுக்கு அது பொருந்தாது. ரயில் படியில் தூக்கி ஏற வேண்டியவர் நீங்கள் அல்லவா? எவ்வளவு தேவை என்று கணக்கிடுங்கள். எதிர்க்காற்றில் 15 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடக்க 130 வாட் வேண்டும். நீங்கள் 50 வாட் மிதித்தால் மோட்டார் தரவேண்டியது 80. மோட்டாரிலும் கட்டுப்படுத்தியிலும் சேர்ந்து கால் பங்கு வீணாகும் என்று கொண்டால், மின்கலத்திலிருந்து எடுப்பது 107 வாட்-மணி. பாலத்தின் ஏற்றம், லாரிக்கு ஒதுங்கி நின்று மீண்டும் கிளம்புதல் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் சேர்த்தாலும் 150. காலையில் காற்று தள்ளிவிடுகிறது, மோட்டாரே தேவையில்லை.

யு.பி.எஸ். பெட்டிகளில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 252 வாட்-மணி. எடை சுமார் 7 கிலோ. அதிலும் மின்னோட்டத்தை வேகமாக உறிஞ்சும்போது பாதிதான் கைக்குக் கிடைக்கும். லித்தியம்-அயனி மின்கலமானால், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமுமுள்ள உருளைகள் 30 போதும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், பத்தைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், அத்தகைய மூன்று வரிசைகளைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 7.5 ஆம்பியர்-மணி. மொத்தம் 270 வாட்-மணி. பெட்டியோடு சேர்த்து எடை 2 கிலோ அளவுதான். முழுதாக மின்னேற்ற வீட்டு மீட்டரில் ஆகும் செலவு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. இந்த மின்கலத்துக்கு வித்திட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஆனால் நோபல் பரிசு பெற்ற பொருள் என்பதால் சாதுவானது என்று எண்ணிவிடாதீர்கள். உருளைக்குள் எளிதில் தீப்பிடிக்கும் திரவம் இருக்கிறது. ஒவ்வொரு உருளையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் காக்கும் மின்சுற்று கட்டாயம் வேண்டும். பழைய மடிக்கணினிகளிலிருந்து உருளைகளைப் பொறுக்கி, சால்டர் வைத்து வீட்டிலேயே கட்டும் வேலையில் இறங்க வேண்டாம். இந்த ஒரு பகுதியைத் தயாராக, சான்றுடன் வாங்குங்கள். படுக்கும் அறையிலும் வாசற்படி அருகிலும் மின்னேற்றக் கூடாது. எல்லோரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றவும் கூடாது. உப்பிய மின்கலத்தை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

கீல் வழியாகச் செல்லும் கம்பிக்குத் தாராளமாக ஒரு வளைவு விடவேண்டும். இல்லாவிட்டால் மடக்கும் ஒவ்வொரு முறையும் கம்பி நசுங்கி, உறை கிழிந்து, மழைநாளில் தொல்லை தரும். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் பிடியையும் பொருத்துங்கள். வேகம் 15-லிருந்து 25 ஆனால் இயக்க ஆற்றல் 2.8 மடங்காகிறது, உங்கள் பழைய பிரேக் கட்டைகள் அதைத் தாங்குமா? மோட்டாரின் இழுப்பைத் தாங்க வேண்டிய கீலின் பூட்டையும் ஒவ்வொரு முறை ஏறுமுன் ஆட்டிப் பாருங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவு வேண்டாம், உரிமம் வேண்டாம். ஆனால் இவை சோதனை நிலையத்தில் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதும் விதியில் உண்டு. எனவே கருவிகளை வாங்கும்போது சான்றைக் கேளுங்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் 13 கிலோ சைக்கிள் 18, 19 கிலோ ஆகிவிடும். வீட்டிலிருந்து நேரே பள்ளிக்கு மிதித்துப் போகிறவருக்கு மடக்கு சைக்கிளே வேண்டாம்; பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி உறுதியிலும் சுகத்திலும் மேலானது. ரயிலையோ பஸ்ஸையோ பிடித்து, மறுமுனையிலும் மிதிக்க வேண்டியவருக்குத்தான் இந்த மாற்றத்தால் பயன்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்களேன். காற்றில்லாத அதிகாலையில், லாரி வராத ஒரு சமதளத் தெருவில், நண்பரைச் சைக்கிளில் உட்காரவைத்து, ஒரு சுருள்தராசைக் கயிற்றில் கட்டி, நடை வேகத்தில் ஒரே சீராக இழுங்கள். தராசு 600 கிராம் காட்டினால் டயர்த் தடை சுமார் 6 நியூட்டன். பிறகு டயர்களில் நன்றாகக் காற்றடித்துவிட்டு மறுபடியும் இழுங்கள். எத்தனை கிராம் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மின்கலத்தில் எத்தனை உருளைகளைக் குறைக்கலாம் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.