'டொப்'புனு ஒரு சத்தம்... ஜில்லுனு ஒரு சோடா!

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த வாரம் ஆபீஸ்ல எனக்குக் கொடுத்த அசைன்மென்ட் இந்தக் கட்டுரை இல்லை. 'யாருக்கும் அதிகம் தெரியாத லோக்கல் ப்ரூவரிகள்' பத்தி எழுதணும்னு சொன்னாங்க. பெங்களூரு, புனே பக்கமெல்லாம் சின்னச் சின்னதா பீர் காய்ச்சி, அங்கேயே ஊத்திக் கொடுக்கிற கடைகள் இருக்கே, அந்த மேட்டர்!

எனக்கு வயசு இருபது. தமிழ்நாட்டுல மது வாங்க 21 ஆகியிருக்கணும். "சார், இதை அடுத்த வருஷம் எழுதட்டுமா?"ன்னு பவ்யமா கேட்டேன். சார் ஒரு முறை முறைச்சார். அப்புறம் அவரே சிரிச்சுட்டு, "உங்க ஏரியாவுல வேற பாட்டில் கதை எதுவும் இல்லையா?"ன்னு கேட்டார்.

இருக்கே சார்! எங்க ஆயா கடையிலேயே இருக்கே!

பீச்சுக்கு வந்தீங்க... குப்பத்துக்கு வந்தீங்களா?

பெசன்ட் நகர் பீச்சுக்கு நீங்க கட்டாயம் வந்திருப்பீங்க. ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அங்கிருந்து வடக்கே, அடையாறு முகத்துவாரம் பக்கமா, மணல்ல கொஞ்ச தூரம் நடந்தா கட்டுமரமும் ஃபைபர் படகும் வரிசையா நிக்கும். வலை காயும், கருவாடு மணக்கும். அதுதான் எங்க ஊரூர் ஆல்காட் குப்பம். அதையும் தாண்டினா, பல சினிமாவுல பார்த்த அந்த உடைஞ்ச பாலம். பாலத்தைப் பார்க்க எங்க தெரு வழியா போறவங்க எக்கச்சக்கம். நின்னு ஒரு சோடா குடிச்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

எங்க ஆயாவோடது சின்ன பெட்டிக்கடை. பீடி, தீப்பெட்டி, ஷாம்பு பாக்கெட், கடலை மிட்டாய். ஒரு மூலையில மரப்பெட்டி. அதுக்குள்ள 24 கோலி சோடா. விடியக்காலையில கடலுக்குப் போயிட்டு வர்ற எங்க நைனாவும் மத்தவங்களும் கரையேறினதும் கேக்குறது டீ, அடுத்தது இந்த சோடா. உப்புக் காத்துல காஞ்ச தொண்டைக்கு எலுமிச்சை, உப்பு போட்டு ஒண்ணு அடிச்சா... அடடா!

சோடா பிறந்ததே ப்ரூவரியிலதான்!

சார் கேட்ட டாபிக்கை நான் விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. இங்கதான் ட்விஸ்ட். செயற்கையா சோடா தண்ணி செஞ்ச கதை ஆரம்பிக்கிறதே ஒரு பீர் ப்ரூவரியிலதான்!

1767. இங்கிலாந்துல லீட்ஸ் நகரம். ஜோசப் பிரீஸ்ட்லி (ஆக்ஸிஜனைக் கண்டுபிடிச்சவர்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே ஆள்தான்) ஒரு ப்ரூவரிக்குப் பக்கத்து வீட்டுல குடியிருந்தார். பீர் நொதிக்கிற பெரிய தொட்டிக்கு மேல ஒரு வாயு படலமா நிக்கிறதைப் பார்த்தார். அந்த வாயுவுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு, ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஊத்தி ஊத்திக் கலந்தார். தண்ணி சுள்ளுனு ருசிச்சது! அந்த வாயுதான் கார்பன் டை ஆக்ஸைடு. 1772-ல இதை எப்படிச் செய்யலாம்னு ஒரு சின்ன புத்தகமே போட்டார். 1783-ல ஜெனிவாவுல ஜேக்கப் ஷ்வெப் அதையே வியாபாரமா ஆரம்பிச்சார்.

அடுத்த தலைவலி, பாட்டிலை மூடுறது. கார்க் போட்டா காய்ஞ்சு சுருங்கி கேஸ் போயிடும். 1872-ல ஹைரம் காட்னு ஒரு ஆங்கில இன்ஜினீயர் அதுக்கு வழி கண்டுபிடிச்சார். பாட்டில் கழுத்துக்குள்ள ஒரு கண்ணாடி கோலி, வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழா பிடிச்சு கேஸ் நிரப்பும்போது கோலி கழுத்துக்கு வந்துடும். நிமிர்த்தினாலும் உள்ளே இருக்கிற பிரஷர் அதை ரப்பரோட அழுத்திப் பிடிச்சுக்கும். மூடி வேண்டாம், தகரம் வேண்டாம், கார்க் வேண்டாம். எதை அடைச்சு வைக்கணுமோ, அதுவே மூடியைப் பிடிச்சுக்குது! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரெண்டு அரியர் வெச்சிருக்கிற நானே எழுந்து நின்னு கை தட்டின டிசைன் இது.

இன்னொரு ரகசியம்: கழுத்துல ரெண்டு குழி இருக்கு பாருங்க, அது அழகுக்கு இல்லை. குழி இருக்கிற பக்கம் உங்களைப் பார்த்த மாதிரி பிடிச்சுச் சாய்ச்சா, கோலி அதுல மாட்டி நின்னுக்கும், சோடா தடையில்லாம வரும். இது தெரியாம பாட்டிலோட மல்லுக்கட்டி சட்டையை நனைச்ச என் கிளாஸ்மேட்ஸ் லிஸ்ட் பெருசு.

இங்கிலாந்துல இந்த பாட்டில் எப்பவோ காணாமப் போச்சு. கோலிக்காகவே பசங்க பாட்டிலை உடைப்பாங்களாம்! ஜப்பான்ல 'ராமுனே'ங்கிற பேர்ல இன்னிக்கும் ஜோரா விக்குது. டெல்லியில இதுக்குப் பேர் 'பன்ட்டா'. நம்ம ஊர்ல கோலி சோடா.

1915-ம் 1916-ம்

தென்னிந்தியாவுல இருந்த அஞ்சு சின்ன ப்ரூவரிகளை தாமஸ் லீஷ்மேன்ங்கிறவர் ஒண்ணாச் சேர்த்து 'யுனைடெட் ப்ரூவரீஸ்' ஆரம்பிச்சது 1915-ல. அதுல நீலகிரியில இருந்த ப்ரூவரியும் அடக்கம். சின்னது எல்லாம் சேர்ந்து பெருசான கதை அது.

அதுக்கு அடுத்த வருஷம், 1916-ல, விருதுநகர்ல பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் ஒரு சோடா கம்பெனி ஆரம்பிச்சார். அதுதான் காளிமார்க். 1950-களின் கடைசியில அவங்க இறக்கினதுதான் 'பவண்டோ'. திராட்சை வாசம் அடிக்கிற அந்த கோலாவை உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, கண்ணு மின்னும்!

1977-ல கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனப்போ லோக்கல் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். 1990-கள்ல பெப்சி வந்து, 1993-ல கோக்கும் திரும்பி வந்தது. அதே வருஷம் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாத்தையும் பார்லே கம்பெனி கோக்குக்கு வித்துடுச்சு. ஊர் ஊரா இருந்த எத்தனையோ சோடா கம்பெனிகள் ஷட்டரை இறக்கின காலம் அது. காளிமார்க் விக்கலை, தாக்குப் பிடிச்சது. 2017 ஜனவரியில மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காக நம்ம அண்ணன், அக்காக்கள் உட்கார்ந்தாங்களே, அப்பதான் ஃபாரின் கூல்டிரிங்க்ஸ் வேண்டாம்ங்கிற பேச்சும் சூடு பிடிச்சது. அந்த மார்ச் 1-ந் தேதியில இருந்து கோக், பெப்சி விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் அறிவிச்சது. அப்ப எல்லார் வாயிலயும் பவண்டோதான்.

ஆனா ஒண்ணு யோசிங்க. காளிமார்க்குக்குப் பேர் இருக்கு, ஃபேக்டரி இருக்கு. ஆயா கடைக்கு டி.வி.எஸ். ஃபிப்டியில பெட்டியைக் கட்டிக்கிட்டு வர்ற சோடாக்கார அண்ணனுக்கு என்ன இருக்கு?

அண்ணன் சொன்ன கணக்கு

போன மாசம் ஒருநாள் அவரோட பட்டறைக்கே போனேன். ஒரே ஒரு ரூம். ஒரு கேஸ் சிலிண்டர். கையால சுத்துற ஒரு இரும்புக் கூண்டு மெஷின். பாட்டிலை உள்ளே வெச்சு, கேஸைத் திறந்து, கிறுகிறுன்னு சுத்துறார். சுத்தச் சுத்த கேஸ் தண்ணியில கரையுது. பிரஷர் ஏற ஏற வாயு அதிகமா கரையும், தண்ணி ஜில்லுனு இருந்தா இன்னும் அதிகமா கரையும். ஹென்றி விதியை பிளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ணி எழுதினேன். அண்ணன் அதைத் தோள்பட்டையால சுத்திக்கிட்டு இருக்கார். சில சமயம் பாட்டில் வெடிக்கும். முழங்கையில இருக்கிற தழும்பைக் காட்டினார்.

"இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன் தம்பி"ன்னார்.

"ஏண்ணே, சோடா ஓடலையா?"

"ஓடுது. பாட்டில்தான் ஓடிப் போவுது!"

அப்பதான் புரிஞ்சது. இந்தத் தொழில்ல முதலீடு சோடா இல்லை, பாட்டில். 24 பாட்டில் போனா 24 காலியா திரும்பி வரணும். வந்தாதான் கழுவி, நிரப்பி, மறுபடி விக்க முடியும். ஒரு பாட்டில் காணாமப் போனா, அது மறுபடி மறுபடி சம்பாதிச்சிருக்க வேண்டிய காசெல்லாம் சேர்ந்து காணாமப் போச்சுன்னு அர்த்தம்.

வளரலாம்னு பார்த்தா வரி வேற. சர்க்கரையும் ஃப்ளேவரும் போட்ட கேஸ் டிரிங்க்ஸுக்கு 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ 28 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம் செஸ். 2025 செப்டம்பர்ல அது நேரா 40 சதவீதம்னு ஆச்சு. உலகக் கம்பெனிக்கும் அதே ரேட், உள்ளூர் கம்பெனிக்கும் அதே ரேட். அண்ணன் மாதிரி குட்டி வியாபாரம் அந்த வரம்புக்குள்ளேயே வராது. ஆனா நாலு பேரை வேலைக்கு வெச்சுக் கொஞ்சம் பெருசா பண்ணலாம்னு நினைச்சா, அந்த 40 வாசல்லயே நிக்கும்.

வேடிக்கை என்னன்னா, அதே 2025-ல மத்திய வணிக அமைச்சகம் 'கோலி பாப் சோடா'ன்னு பேர் வெச்சு அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதி ஆகுதுன்னு பெருமையா அறிவிச்சது. துபாய் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போற ரூட்டு தெரிஞ்ச சோடாவுக்கு, பெசன்ட் நகர்ல இருந்து நடந்து வர்ற தூரம் தெரியலை பாருங்க!

குற்றவாளி நான்தான்!

இப்ப ஒரு வாக்குமூலம். போன செமஸ்டர் முடிஞ்சதும் என் கிளாஸ் பசங்க பன்னெண்டு பேரை எங்க குப்பத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். பயந்துக்கிட்டேதான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு வருஷமா 'பெசன்ட் நகர்ல வீடு'ன்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருந்தேன். குப்பம்னு சொன்னதில்லை. ஏன் சொல்லலைன்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க.

ஆனா பசங்க கலக்கிட்டாங்க. ஆயாகிட்ட ஒட்டிக்கிட்டாங்க. ஆளுக்கு ரெண்டு சோடா. 'டொப் டொப்'புனு ஒரே தீபாவளி. "மச்சி, இவ்ளோ நாளா இந்த இடத்தை ஏன்டா மறைச்சே?"ன்னு ஒருத்தன் கேட்டப்போ எனக்குத் தொண்டை அடைச்சது. சோடாவைக் குடிச்சுச் சமாளிச்சேன்.

அவங்க போன பிறகு ஆயா காலி பாட்டிலை எண்ணுச்சு. பதினேழு.

"இன்னாடா கண்ணு, ஏழு கொறையுது?"

ஹாஸ்டல் ரூம்ல ஷோவுக்கு வைக்க ஆளுக்கொண்ணா பையில போட்டுக்கிட்டுப் போயிருக்காங்க. கெட்ட எண்ணமே இல்லை. பிடிச்சுப் போனதாலதான் எடுத்தாங்க! ஆயா ஒரு வார்த்தை திட்டலை. ஏழு பாட்டில் காசை முந்தானையில இருந்து அவிழ்த்து அண்ணன்கிட்ட கொடுத்துச்சு. அந்த வார லாபம் அதோட சரி.

மறுநாளே ஹாஸ்டலுக்குப் போய் நின்னேன். அஞ்சு கிடைச்சது. ஒண்ணு உடைஞ்சிருந்தது. இன்னொண்ணுல மணி பிளான்ட் வளருது!

அப்போ என்ன பண்ணலாம்?

'லோக்கலை ஆதரிப்போம்'னு ஸ்டேட்டஸ் போடறது ஈஸி. அதைவிடச் சின்ன வேலை ஒண்ணு இருக்கு. குடிங்க, அங்கேயே நின்னு குடிங்க, பாட்டிலைத் திருப்பிக் கொடுங்க. அவ்வளவுதான்! போட்டோ எடுத்துக்கோங்க, காசு கேக்க மாட்டோம்.

கோலி சோடா ஹெல்த் டிரிங்க்னு எல்லாம் நான் பொய் சொல்லப் போறதில்லை. கலர் சோடாவுல சர்க்கரை சர்க்கரைதான். தண்ணி எப்படி, பாட்டில் எப்படிக் கழுவுறாங்கன்னு தாராளமா கேளுங்க. நல்லா பண்றவங்க சந்தோஷமா சொல்வாங்க. ஆனா இந்தக் கண்ணாடி பாட்டில் நூறு தடவை வயித்தை ரொப்பிக்கிட்டு நூறு தடவை திரும்பி வரும். நீங்க பீச்சுல விட்டுட்டுப் போற பிளாஸ்டிக் பாட்டிலும் திரும்பி வருது, எங்க நைனாவோட வலையில. மீனோட மீனா!

சோடாக்கார அண்ணன் இப்போதைக்கு நிறுத்தலை. "இன்னும் மூணு மாசம் பார்க்குறேன்"னு சொல்லியிருக்கார். ஆயா கடையில ஒரு அட்டை தொங்குது, என் கையெழுத்துதான்: 'கோலி உங்களுக்கு இல்லை, சோடா மட்டும் உங்களுக்கு!'

அடுத்த சனிக்கிழமை பீச்சுக்கு வந்தா, அப்படியே வடக்கே நடந்து வாங்க. வலை காயுற இடத்துல இருந்து ரெண்டாவது கடை. என் பேரைச் சொல்ல வேண்டாம். காலி பாட்டிலை ஆயா கையில கொடுங்க, அது போதும். சந்தோஷமா இன்னொரு சோடாவை உடைச்சுக் கொடுக்கும். அதுக்குக் காசு உண்டுங்கோ!