புகை விலகினா மழை கூடுமா?

போகி அன்னிக்கு விடியற்காலையில ஆவடியில மொட்டை மாடி ஏறிப் பார்த்திருக்கீங்களா? எதிர் வீட்டு தண்ணி டேங்க்கூடத் தெரியாது. பழைய பாய், கிழிஞ்ச தலையணை, யாரோ ஒரு புண்ணியவான் கொளுத்தின சைக்கிள் டயர்னு எல்லாம் சேர்ந்து ஊருக்கே ஒரு சாம்பல் போர்வை. 2018 போகியில மீனம்பாக்கத்துல இறங்க முடியாம விமானங்களை வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. அப்போ நான் ஸ்கூல் பையன். 'ஐ... ஊட்டி மாதிரி இருக்கே'ன்னு குதிச்ச கேஸ்!

இந்த வருஷ போகிக்கு அதே மாடியில பக்கத்து வீட்டு அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. "இந்தப் புகை மேகத்துக்குள்ள போனா என்ன ஆகும், சொல்லுடா?" அக்கா பி.இ. மெக்கானிக்கல். இப்போ புனேயில ஒரு ஆராய்ச்சி நிலையத்துல ஜே.ஆர்.எஃப். வேலை என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்குள்ள மேகம் செய்யறது! அம்பத்தூர் எஸ்டேட்ல சி.என்.சி. மெஷின் பக்கத்துல நின்னிருக்க வேண்டிய ஆள். எனக்கு மண்டை காய்ஞ்சிருச்சு. பொங்கல் லீவு முழுக்க அக்காவை நச்சரிச்சும், அப்புறம் லைப்ரரியில மேய்ஞ்சும் கறந்த மேட்டர்தான் இது.

முதல்ல பேஸிக். வெறும் நீராவி இருந்தா மட்டும் மேகம் வந்துடாது. ஒட்டிக்கறதுக்கு ஒரு துளி தூசு வேணும். காத்துல மிதக்கற இந்த நுண்ணிய பொடிக்குப் பேர்தான் ஏரோசால். மெரினாவுல முகத்துல அடிக்கிற உப்பும் ஏரோசால், பூந்தமல்லி ஹைரோட்டுல லாரி கக்கற கரியும் ஏரோசால்.

சரி, மேகத்துல தண்ணி அதே அளவு, தூசு மட்டும் பத்து மடங்குன்னு வைங்க. என்ன ஆகும்? பத்து பேருக்கு வெச்ச சாம்பாரை நூறு இலைக்கு ஊத்தற கதைதான். ஒவ்வொரு துளியும் சின்னதாயிடும். சின்னத் துளிகள் நிறைய இருந்தா மேகம் இன்னும் வெளுப்பாகி, வெயிலை அப்படியே மேலே திருப்பி அனுப்பும். 1974-லயே டூமிங்கற விஞ்ஞானி இதைச் சொல்லிட்டார். அதோட விட்டுச்சா? ஒரு மழைத்துளி ஆகணும்னா சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் ஒண்ணு சேரணும். பொடிசா இருந்தா லேசுல மோதி ஒட்டாது, மழை தள்ளிப் போகும். ஆனா, தள்ளிப் போன தண்ணி இன்னும் உயரத்துக்குப் போய், மொத்தமா கொட்டவும் வாய்ப்பு இருக்குன்னு ஒரு கட்சி. இல்லவே இல்லைன்னு இன்னொரு கட்சி. சண்டை இன்னும் நடக்குது!

"இதுல மெக்கானிக்கல் ஆளுக்கு என்னக்கா வேலை?"ன்னேன். "ராமநாதன் கதை தெரியுமா?"ன்னாங்க.

வீரபத்ரன் ராமநாதன். 1944-ல சென்னையில பிறந்தவர். பதினோரு வயசுல குடும்பம் பெங்களூருக்கு மாறினதும், தமிழ்ல படிச்ச பையன் இங்கிலீஷ் மீடியத்துல மாட்டிக்கிட்டார். வாத்தியார் சொல்றதைக் கேட்கற பழக்கம் விட்டுப்போய், எதையும் தானே யோசிச்சுக் கண்டுபிடிக்க வேண்டியதாச்சுன்னு பின்னால அவரே சொல்லியிருக்கார். (கிளாஸைக் கவனிக்காத பழக்கம் நமக்கும் இருக்கு. ரெண்டாவது பாதிதான் மிஸ்ஸிங்!) 1965-ல அண்ணாமலை பல்கலைக்கழகத்துல இன்ஜினீயரிங் முடிச்சுட்டு, செகந்திராபாத்துல ஃபிரிட்ஜ் கம்பெனி வேலை. அங்கே அவர் தலையில விழுந்த பிரச்னை, 'ஃபிரிட்ஜ்ல இருந்து கேஸ் ஏன் கசியுது?'. அப்புறம் அமெரிக்கா போய் டாக்டரேட் வாங்கி, 1975-ல அதே குளோரோஃப்ளூரோகார்பன் கேஸை வெச்சு ஒரு கணக்கு போட்டார் பாருங்க... அதோட ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடோட சுமார் 10,000 மூலக்கூறுக்குச் சமமா பூமியைச் சூடாக்கும்னு! லீக் அடைக்கப் போன இன்ஜினீயர் பாஸ் இவர்.

அதே மனுஷன்தான் 1999-ல, நோபல் பரிசு வாங்கின பால் க்ரூட்சனோட சேர்ந்து, இண்டோயெக்ஸ்ங்கற பெரிய ஆய்வை நம்ம இந்தியப் பெருங்கடல்ல நடத்தினார். மாலத்தீவுல முகாம் போட்டு, விமானம், கப்பல், செயற்கைக்கோள்னு எல்லாத்தையும் இறக்கினாங்க. சுத்தமான கடல் காத்து இருக்கும்னு நினைச்ச இடத்துல, 3 கிலோ மீட்டர் உயரம் வரைக்கும் பழுப்புப் புகை மூட்டம்! விறகு அடுப்பு, டீசல், நிலக்கரி... பெரும்பாலும் நம்ம பக்கத்துச் சரக்கு. கடல் மேல விழற வெயில்ல கிட்டத்தட்ட 10 சதவீதத்தை அது தடுத்துக்கிட்டு இருந்தது.

இங்கேதான் நம்ம ஏரியா உள்ளே வருது. 2015 டிசம்பர் 1 ஞாபகம் இருக்கா? தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. பூந்தமல்லிக்குப் பக்கத்துல செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு ஊருக்குள்ள வந்த நாள். எங்க வீட்ல கரன்ட் இல்லை, பால் இல்லை. அப்பா முட்டி அளவு தண்ணியில எஸ்டேட்ல இருந்து நடந்தே வந்தார். 'எல்லாம் குளோபல் வார்மிங்'னு அப்போ எல்லாரும் சொன்னோம். ஆனா, நெதர்லாந்து விஞ்ஞானி வான் ஓல்டன்பர்க் தலைமையில, டெல்லி ஐ.ஐ.டி.யின் அச்சுதராவும் சேர்ந்த குழு, 2016-ல வெளியிட்ட ஆய்வுல வேற பதில் இருக்கு. அந்த மழையில புவி வெப்பமாதலோட பங்கு எதுவும் கண்ணுக்குத் தட்டுப்படலை. காரணம்? 'இதுவரைக்கும்' ஏரோசால் அந்தச் சூட்டை ஈடுகட்டி இருக்கலாம்!

அந்த 'இதுவரைக்கும்'ங்கற வார்த்தையில நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன். புகை காத்துல ஒரு வாரம்தான் தங்கும், மழை கழுவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்குல தங்கும். நாளைக்கே புகையைக் குறைச்சா, குறைச்சே ஆகணும், நம்ம நுரையீரல் பாவம், ஒளிஞ்சிருந்த சூடு வெளியே வரும். அப்போ அடுத்த டிசம்பர் மழை எப்படி இருக்கும்? 'அப்போ புகையே நல்லது'ன்னு யாரும் டயரைத் தூக்கிட்டுக் கிளம்பிடாதீங்க! சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே குழு 2021-ல டெல்லி, சென்னை காத்தை அளந்து பார்த்தது. பிளாஸ்டிக் குப்பை எரியறதுல இருந்தும் தொழிற்சாலையில இருந்தும் வர்ற ஹைட்ரோகுளோரிக் அமிலம், துகளை ஊத வெச்சு டெல்லியில பார்வையைப் பாதியா மறைக்குதுன்னு சொல்றாங்க. போகி டயரும் சும்மா போகாது.

அடுத்த டிசம்பர் கேள்விக்குப் பதில் தேடறதுதான் அக்காவோட வேலை. பாக்கற மாதிரி ஈஸி இல்லை. உலக காலநிலை மாடல்ல ஒரு கட்டம் சுமார் 100 கிலோ மீட்டர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, காஞ்சிபுரம்... எல்லாம் ஒரே டப்பா! மேகமோ ஒண்ணு ரெண்டு கிலோ மீட்டர்தான். அதனால டப்பாவுக்குள்ள மேகம் எப்படி நடந்துக்கும்னு ஒரு ஃபார்முலா எழுதணும். அது சரியான்னு செயற்கைக்கோள், விமான அளவுகளோட ஒப்பிடணும். "பாதி நாள் ஃபோர்ட்ரான்ல தப்பு தேடறதுலயே போயிடும்"னு அக்கா சிரிக்கறாங்க. ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. 2021 அறிக்கையிலயே ஏரோசால் பூமியைக் குளிர்விக்கறது ஒரு சதுர மீட்டருக்கு 0.4 வாட்டா, 1.7 வாட்டான்னு நாலு மடங்கு இடைவெளி. லேப் ரெக்கார்டுல நாம இப்படி எழுதினா நோட்டு பறக்கும்!

சம்பளம்? ஜே.ஆர்.எஃப்.னா மாசம் 37,000 ரூபாய், கூட வீட்டு வாடகைப் படி. ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. சாஃப்ட்வேர் போன ஃப்ரெண்டோட ஒப்பிட்டா வயிறு எரியும், சொல்லிட்டேன். உள்ளே நுழைய கேட் தேர்வுல எக்ஸ்.இ. பேப்பர் இருக்கு. இன்ஜினீயரிங் கணக்கு கட்டாயம். அதோட ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும், வளிமண்டல - கடல் அறிவியலும் எடுக்கலாம். முதல் ரெண்டும் நாம ஏற்கெனவே அரியர் வெச்சு எழுதின பாடம்தானே! புனேயில இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையம், பெங்களூர்ல ஐ.ஐ.எஸ்சி., நம்ம சென்னையில ஐ.ஐ.டி.னு இடமும் இருக்கு.

ஆகஸ்ட்ல எங்க காலேஜுக்கு பிளேஸ்மென்ட் வருது. நான் ரெண்டுக்கும் படிச்சுட்டு இருக்கேன். எஸ்டேட்ல முப்பது வருஷம் லேத் ஓட்டின அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பார்.