கார்போகரிசிக்குள் இரண்டு குணம்

நாட்டுமருந்துக் கடையில் நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டுப் பாருங்கள். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று ஒவ்வொன்றாகப் பொட்டலத்தில் விழும். அவற்றோடு கறுப்பாக, சற்றே தட்டையாக ஒரு சின்ன விதையையும் கொஞ்சம் அள்ளிப் போடுவார்கள். அதுதான் கார்போகரிசி. அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த 'பாகுச்சியால்' என்ற பொருள், இன்றைக்கு 'ரெட்டினாலுக்குத் தாவர மாற்று' என்ற விளம்பரத்தோடு சீரம் பாட்டில்களில் விற்பனைக்கு வருகிறது. நல்ல பொருள்தான். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு ரெட்டினாலைவிட இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் விதை வேறு, சீரம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் விதையை அரைத்தோ, அதன் எண்ணெயை வாங்கியோ முகத்தில் பூசுகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

முதலில் ரெட்டினால். இது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோலுக்குள் போனதும் இரண்டு படிகளில் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. வேலை செய்வது அந்த அமிலம்தான். மேல்தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அடியில் கொலாஜன் உற்பத்தி தூண்டப்படுகிறது. இதே அமிலம் நேரடியாக 'ட்ரெட்டினாயின்' என்ற பெயரில் மருந்தாகக் கிடைக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் முகப்பருவுக்காக அனுமதிக்கப்பட்ட மருந்து அது. வெயிலால் மூப்படைந்த தோலும் அதனால் தெளிகிறது என்று தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் குழுவினரும் 1986-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சுருக்கத்துக்குப் பூசும் பொருள்களில் ட்ரெட்டினாயின் அளவுக்கு நீண்டகால ஆதாரம் உள்ளது வேறு இல்லை.

தொல்லை எங்கே வருகிறது என்றால், ஆரம்ப வாரங்களில். முகம் சிவக்கும், எரியும், மூக்கோரத்திலும் வாயோரத்திலும் தோல் செதில் செதிலாக உரியும். வெயில் பட்டால் காந்தல் கூடும். வெளுத்த தோல் உள்ளவர்களுக்குச் சிவப்பு சில நாளில் அடங்கிவிடும். நமக்கு அப்படி அடங்குவதில்லை. மாநிறமும் கறுப்புமான தோலில் எந்த அழற்சியும், அது பருவோ கீறலோ கிரீம் எரிச்சலோ, ஆறும்போது ஒரு கறுப்புத் தடத்தை விட்டுவிட்டுப் போகும். மெலனின் உற்பத்தி செய்யும் செல்கள் அழற்சிக்கு அப்படித்தான் எதிர்வினை காட்டுகின்றன. அந்தத் தடம் மறைய மாதக்கணக்கில் ஆகலாம். கரும்புள்ளி போக வேண்டும் என்று பூசிய கிரீமே புதிதாகக் கரும்புள்ளியைக் கொடுத்துவிட்டுப் போகும் கொடுமை இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், நம் தோலுக்கு மென்மை என்பது ஆடம்பரம் இல்லை; சிகிச்சையின் பாதி அதில்தான் இருக்கிறது. எரிச்சல் ஒருபுறம் இருக்க, அளவைப் பற்றிய கவலையும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான அழகுப் பொருள்களில் ரெட்டினால் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2024-ல் விதி கொண்டுவந்தது. உணவிலும் மாத்திரையிலும் சேரும் வைட்டமின் ஏ-யோடு இதுவும் சேர்ந்து உடலில் அளவு மீறிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இனி பாகுச்சியால். புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக் தேவ் தலைமையிலான குழு, 1966-ல் கார்போகரிசியிலிருந்து இதைத் தனியே பிரித்து அறிவித்தது. பொருள் கண்டுபிடிக்கப்பட்டது இந்திய மண்ணில். ஆனால் அது முக அழகுப் பொருளாக உலகச் சந்தைக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வுதான் திருப்பம். தோல் மாதிரிகளில் ரெட்டினால் எந்தெந்த மரபணுக்களை முடுக்கிவிடுகிறதோ, ஏறத்தாழ அதே வரிசையைப் பாகுச்சியாலும் முடுக்கிவிடுகிறது என்று அது காட்டியது. இத்தனைக்கும் இரண்டின் மூலக்கூறு அமைப்பும் வேறு வேறு. பாகுச்சியாலுக்கும் வைட்டமின் ஏ-க்கும் உறவே கிடையாது.

மனித முகத்தில் செய்த முக்கியமான சோதனை 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்தது. 44 பேர், 12 வாரங்கள். ஒரு பிரிவினர் 0.5 சதவீதப் பாகுச்சியாலைத் தினம் இரண்டு வேளை பூசினார்கள். மற்றவர்கள் அதே 0.5 சதவீத ரெட்டினாலை ஒரு வேளை. முடிவில் சுருக்கமும் நிறத் திட்டும் இரண்டு பிரிவிலும் குறைந்தன. இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. தோல் உரிதலும் குத்தலும் ரெட்டினால் பிரிவில்தான் அதிகம். இதை வைத்துக்கொண்டு 'ரெட்டினாலுக்குச் சமம்' என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. 44 பேர் என்பது சின்னக் கூட்டம். ஒன்றை இரண்டு வேளையும் மற்றதை ஒரு வேளையும் பூசியிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ட்ரெட்டினாயினோடு ஒப்பிட்ட சோதனையும் அல்ல இது. ஆனாலும், எரிச்சல் குறைவு என்ற ஒரு விஷயம் போதும் எனக்கு. மூன்று வாரத்தில் முகம் எரிந்து மூலையில் தூக்கிப் போடும் வலுவான கிரீமைவிட, ஒரு வருடம் விடாமல் பூச முடிகிற மென்மையான சீரம் அதிகம் பலன் தரும்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். கார்போகரிசி காலங்காலமாக எதற்குப் பேர் பெற்றது? வெண்புள்ளிக்கு. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வெண்புள்ளி உள்ள இடத்தில் இதைப் பூசி வெயில் காட்டுகிற வழக்கம் உண்டு. அது வேலை செய்வதற்குக் காரணம், விதையில் உள்ள சோரலென் என்ற இன்னொரு பொருள். தோலில் சோரலென் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், அந்த இடம் சிவந்து, அளவு மிஞ்சினால் கொப்பளித்து, பிறகு கறுக்கும். நிறம் இழந்த தோலுக்கு அந்தக் கறுப்புதான் மருந்து. நவீன மருத்துவமும் சோரலென்னையும் புற ஊதாக் கதிரையும் இணைத்து, மருத்துவர் கண்காணிப்பில் அளந்து அளந்து, வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் சிகிச்சை தருகிறது.

ஆக, ஒரே விதைக்குள் நிறத் திட்டைக் குறைக்கும் பாகுச்சியாலும் இருக்கிறது, வெயிலோடு சேர்ந்து தோலைக் கறுக்கவைக்கும் சோரலென்னும் இருக்கிறது. தரமான சீரத்தில் சேர்ப்பது சோரலென் நீக்கிச் சுத்திகரித்த பாகுச்சியால். விதையை ஊறவைத்து அரைத்த விழுதிலும், 'பாகுச்சி எண்ணெய்' என்று விற்கும் விதை எண்ணெயிலும் இரண்டும் கலந்தே இருக்கும். மங்கு போக வேண்டும் என்று அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் பேருந்துக்கு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நலங்கு மாவில் பத்துப் பதினைந்து பொருள்களோடு கொஞ்சமாகக் கலந்து, தேய்த்த கையோடு கழுவிவிடுகிறோம், அது வேறு. மணிக்கணக்கில் முகத்தில் விட்டுவைப்பது வேறு. 'இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சு எத்தனை முகங்களைக் கெடுத்திருக்கிறது! இந்த விதையை உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

அதனால் வாங்கும்போது லேபிளின் பொருள் பட்டியலைப் படியுங்கள். 'பாகுச்சியால்' என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். 'சோராலியா கோரிலிஃபோலியா' விதை எண்ணெய் என்றோ விதைச் சாறு என்றோ மட்டும் இருந்தால் முகத்துக்கு வேண்டாம். அளவு 0.5 முதல் 1 சதவீதம் போதும். சதவீதம் எழுதாமல் இலைப் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும் பாட்டிலை நான் வாங்க மாட்டேன்.

பூசுவதில் பெரிய வித்தை இல்லை. முதலில் முன்கையின் உள்பக்கத்தில் நாலைந்து நாள் தடவிப் பாருங்கள்; அரிதாக இதற்கும் ஒவ்வாமை வந்தவர்கள் இருக்கிறார்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். முகம் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, இரவில் மூன்று நாலு சொட்டு. அதன் மேல் வழக்கமான மாய்ஸ்சரைசர். இரண்டு வாரம் ஒரு வேளையாகப் பூசிப் பழகிய பிறகு காலையிலும் சேர்க்கலாம். ரெட்டினாலைப் போல வெளிச்சத்தில் சிதைந்துபோகாத பொருள் என்பதால் பகலில் பூசத் தடையில்லை. ஆனால் காலையில் அதன் மேல் சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். நம் ஊர் வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் நிறத் திட்டுக்கு எந்தச் சீரம் பூசினாலும் காசுதான் வீண். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலைமை என்றால், தயங்காமல் சன்ஸ்கிரீனை வாங்குங்கள். சீரம் அடுத்த மாதம் வரட்டும்.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அந்தச் சோதனையே 12 வாரம் நடந்தது. பத்தே நாளில் முகம் பளபளவென்று மாறினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சில நாளில் முகத்தை வெளுப்பாக்கி, பிறகு தோலை மெலியவைத்து, ரத்தக் குழாய் தெரிய, பரு வெடிக்க விட்டுவிடும். ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு விதியை இறுக்கிய பிறகும் அவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நீண்ட நாள் அப்படியொரு கிரீம் பூசி வந்தவர்கள், அதைத் திடீரென்று நிறுத்திவிட்டுப் பாகுச்சியாலுக்கு மாறிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நிறுத்தும் முறையைத் தோல் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் விளம்பரங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரெட்டினால் வகைகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள், சரி. உடனே 'அப்படியென்றால் பாகுச்சியால் பாதுகாப்பானது' என்று முடிவு கட்டுகிறார்கள். கர்ப்பிணிகளிடம் சோதித்து நிரூபித்த பொருள் அல்ல இது. உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தச் சில மாதங்களுக்கு சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் போதும்.

ஆழமான பரு, தழும்பு, கன்னம் முழுக்கப் படர்ந்த மங்கு ஆகியவற்றோடு மாதக்கணக்கில் அல்லாடுகிறவர்களுக்கு இந்தச் சீரம் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ட்ரெட்டினாயின் தேவைப்பட்டால் எந்த அளவில், வாரத்துக்கு எத்தனை நாள் என்று அங்கே சொல்வார்கள்.