கல்லின் உட்கட்டும் கட்டடத்தின் ஆயுளும்

ஆறுமுகநேரி உப்பளங்களை அடுத்துக் கிட்டங்கியோ கிணற்றுச் சுவரோ கட்ட முற்படும் சங்கத்தார், சிமெண்டின் தரத்தையும் கொத்தனாரின் கூலியையும் பற்றி நெடுநேரம் ஆலோசிப்பர். கல்லைப் பற்றி மட்டும், கல் கல்தானே என்று விட்டுவிடுவர். கடற்கரையில் முதலில் பொரிந்து உதிர்வது பல சமயம் அக்கல்லேயாகும்.

இதற்குக் கண்கண்ட சான்று தெற்கே திருச்செந்தூரில் உண்டு. அலை மோதும் கரையிலுள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலின் பழைய கட்டுமானம் அக்கரையிலேயே கிடைக்கும் மணற்பாறையாலானது. உப்புக்காற்றால் அது அரிபட்டுச் சிதையவே, மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக முயன்று கருங்கல்லால் திருப்பணி செய்வித்தனர். 1941 ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது.

இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. மணற்பாறையிலுள்ள மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் படிகமே. கருங்கல்லிலும் அதே குவார்ட்ஸ் உள்ளது. கத்தியால் கீறினாலும் அதில் கீறல் விழாது. மணி ஒன்றாயிருந்தும் கல் வேறாவது ஏன்? மணிகள் பிணைந்திருக்கும் முறையே காரணம். மணற்பாறையில் உருண்டை மணிகளைச் சிறிது சுண்ணாம்புச் சத்து ஒட்டவைத்திருக்கிறது. இடையே நுண்துளைகள் பல. இரவின் ஈரத்தில் கரைந்து அத்துளைகளில் புகும் உப்பு, பகலில் காய்ந்து படிகமாக வளர்ந்து, ஆப்புப்போல நெம்புகிறது. மணி ஒவ்வொன்றாக உதிர்கிறது. கருங்கல்லோ பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல உறைந்ததால் உண்டானது. அதன் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வளர்ந்துள்ளன. உப்பு நுழைய வழி மிகக் குறைவு.

கல்லை நசுக்குவது கடினம், பிளப்பது எளிது. சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோகிராமுக்கு மேல் பளு தாங்கும் கருங்கல், இருபுறமும் இழுக்கப்பட்டால் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன விசையிலேயே பிளந்துவிடும். வரிசையாகக் குழி வெட்டி இரும்பு ஆப்பு அடித்துப் பாறையைப் பிளக்கும் கல்தச்சர் இதனை நன்கறிவர். வெடிப்பு, மணிகள் சந்திக்கும் ஓரங்களிலும் பெல்ஸ்பாரின் இயற்கைப் பிளவுத் தளங்களிலும் தொடங்குகிறது. மணி பெரிதாயின் அவ்வழி நீண்டு நேராகிறது. சிறிதாயின் வெடிப்பு அடிக்கொரு முறை திசை மாற வேண்டியதாகித் தளர்கிறது. ஆகவே மற்றவை ஒத்திருப்பின், பொடிமணிக் கல்லே பெருமணிக் கல்லைவிட உறுதியானது. பளபளப்பைக் கண்டு பெருமணிக் கல்லை விரும்புவது சரியன்று.

காக்காப்பொன் மிகுந்த வரிக்கல்லில் தனிக் கவனம் வேண்டும. காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடையது. ஏடுகள் யாவும் ஒரே திசையில் படிந்திருப்பின் கல்லும் அத்திசையிலேயே பிளக்கும். அத்தகைய கல்லைச் சுவரில் வரிகள் படுக்கையாக இருக்கும்படி வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் முகப்பு ஏடாக உரியும். வாயில் உத்தரக்கல்லில் வரிகள் கல்லின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடுவது முறியும்.

நல்ல கல்லும் கடற்காற்றுக்கு முற்றும் தப்புவதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் கருங்கல்லாயிருந்தும் மழுங்கியுள்ளன; காற்றைத் தடுக்க அங்கே சவுக்கு மரங்கள் நடப்பட்டன. உப்பளக் கரையில் கட்டுவோருக்கும் இது ஏற்ற யோசனையே.

கல் வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகளுக்குச் செலவில்லை. சுத்தியால் தட்டினால் மணியோசை எழவேண்டும். மந்தமாக ஒலிப்பின் உள்ளே வெடிப்போ சிதைவோ இருக்கலாம். சிற்பிகள் ஓசைகொண்டு ஆண் கல், பெண் கல் என வகுத்ததும் இவ்வழியே. அடுத்து, நன்கு உலர்ந்த 10 கிலோ கல்லை ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, மீண்டும் நிறுக்க வேண்டும். நல்ல கருங்கல்லில் 100 கிராம்கூட ஏறாது. அரைக் கிலோ ஏறினால் அக்கல் உப்பளப் பக்கத்துக்கு உதவாது. மிகுந்த வெடிமருந்தால் தகர்த்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருப்பதுண்டு. ஆப்படித்துப் பிளந்த கல் கிடைப்பின், விலை சற்று மிகுந்தாலும் அஸ்திவாரத்துக்கு அதையே கொள்ளலாம். முன்பணம் கொடுக்குமுன் நிர்வாகக் குழுவினர் இருவரேனும் கல்வெட்டாங்குழிக்கு நேரிற் சென்று, லாரியில் ஏற்றப்படும் கல்லிலேயே இச்சோதனைகளைச் செய்தல் நன்று. மாதிரிக்கென்று எடுத்துவைத்த கல்லில் அன்று.